மின்னலும் கலவரமும்

தலவாக்கலையில் ஐப்பசி பிறந்தால் பின்னேரத்தில் இடிமுழக்கம்தான். அப்படியொரு நாள், வரலாற்றுப் பாட சேர் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை நான் எடுத்தேன். 'பிளிட்ஸ்' என்றால் மின்னல் தாக்குதல் என்றேன். பின்வாங்கிலிருந்த பொடியன் கேட்டான்: "சேர், மின்னல் வெட்டினா உடனே முடிஞ்சிருமே. எட்டு மாசம் குண்டு போட்டது எப்படி மின்னல்?"

கேள்வி நியாயமானது. பிளிட்ஸ் என்பது மின்னலுக்கான ஜேர்மன் சொல். 1939இல் போலந்துப் படையெடுப்பின் வேகத்தைப் பார்த்து 'பிளிட்ஸ்கிரீக்', அதாவது மின்னல் யுத்தம், என்றார்கள். 1940 செப்டெம்பர் 7 தொடக்கம் 1941 மே வரை இலண்டன், கொவென்ட்ரி, லிவர்பூல் நகரங்களில் குண்டு விழுந்தது. பிரித்தானியாவில் 40,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். ஆங்கிலேயர் அச்சொல்லின் முன்பாதியை எடுத்துத் தங்கள் துயரத்துக்குப் பெயராக்கினார்கள். வேகத்தைக் குறித்த சொல், ஓயாத அடியைக் குறிக்கத் தொடங்கியது. 1941இல் பம்பாயில் ஆர்.கே. கரஞ்சியா தன் வாரப் பத்திரிகைக்கும் அப்பெயரை வைத்தார். இன்று அதிவேகச் சதுரங்கமும் தேர்தல் பிரசாரமும்கூட 'பிளிட்ஸ்'தான்.

அடிபட்டவர்கள் தாமே தேர்ந்த பெயர் அது. எங்கட ஆட்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1915 மே 28 இரவு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலத்தில் மூண்ட தீ பல மாவட்டங்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் 4,000க்கும் அதிகமான கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன. ஆங்கில ஆட்சி வைத்த பெயர் 'ரயட்'. நாம் 'கலவரம்' என்றோம். பொன்னம்பலம் இராமநாதனின் 1916ஆம் ஆண்டு நூல் தலைப்பிலும் அதே ஆங்கிலச் சொல்தான். 1983இல் மலையகத் தமிழரும் தாக்கப்பட்டார்கள். அதுவும் 'ஆடிக் கலவரம்' ஆயிற்று.

'மனசு கலவரப்பட்டது' என்கிறோமே, அந்தக் கலவரத்தில் யார் யாரை அடித்தார் என்று இல்லை. இரண்டு பக்கமும் சரிசமமாகக் கைகலந்தது போலிருக்கும். இதைச் சொல்வது ஓர் இனத்தையே குற்றவாளியாக்க அல்ல. 1915 இராணுவச் சட்டத்தின்போது குற்றமற்ற சிங்களவரும் சுடப்பட்டார்கள். அந்த அநியாயத்தையும் இதே சொல்தான் மூடுகிறது.

பழகிய சொல்லை ஒரே நாளில் மாற்ற ஏலாது. வாக்கியத்தையாவது மாற்றலாம். "1915இல் கலவரம் ஏற்பட்டது" என்று கரும்பலகையில் எழுதாமல், யார் தாக்கினார்கள், யார் தாக்கப்பட்டார்கள், பிறகு யார் சுட்டார்கள் என்று எழுதுவோம். அந்தப் பொடியனுக்கு நான் தரவேண்டிய பதில் அதுதான்.