தோட்டத் தமிழரும் நட்டஈட்டுச் சட்டமும்

‘ஈடு’ என்னும் சொல்லுக்கு ஒப்பு என்பதும் பொருள். அடைமானம் என்பதும் பொருள். ‘அவனுக்கு ஈடு இல்லை’ என்கிறோம். ‘நகையை ஈடு வைத்தான்’ என்றும் சொல்கிறோம். தோட்டத்தில் கையையோ கண்ணையோ இழந்தவன் பெறும் பணத்துக்கு நட்டஈடு என்று பெயரிட்டவர் இவ்விரு பொருளையும் எண்ணினாரோ இல்லையோ, இரண்டும் அச்சொல்லில் பொருந்தி நிற்கின்றன. இழந்த உறுப்புக்கு ஒப்பாக ஒரு தொகை. அத்தொகையைப் பெறுதற்கு அடைமானம்போல் ஒரு தாள். அந்தத் தாள் கையில் இல்லாதவனுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. மலாக்காத் தோட்டங்களின் நூறாண்டுக் கதையை இந்தத் தாளின் கதையாகவே எழுதிவிடலாம்.

பழந்தமிழ் நாட்டில் போரில் வீழ்ந்த வீரனின் வழியினர்க்கு நிலம் விடப்பட்டது. அதனை உதிரப்பட்டி என்பர். ஆனால் அது போர்க்களத்து உதிரத்துக்கு உரியது. கூலியாளின் உதிரத்துக்கும் ஈடு உண்டு என்னும் கருத்து, ஆலைத்தொழில் பெருகிய ஐரோப்பாவில் சட்டமாயிற்று. ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் 1897ஆம் ஆண்டிலும் விபத்துச் சட்டங்கள் தோன்றின. அதற்குமுன் அடிபட்டவன் முதலாளியின் கவனக்குறைவை வழக்காடி மெய்ப்பிக்க வேண்டும். உடன் வேலை செய்தவன் தவறினால் அடிபட்டிருந்தாலோ, முதலாளிக்குப் பொறுப்பே இல்லை என்பது ஆங்கில நீதிமன்றங்களின் கொள்கை. ரப்பர்த் தாளை உருளையில் விடுபவன் ஒருவன், உருளையைச் சுற்றுபவன் மற்றொருவன். விரல் நசுங்கினால் சுற்றியவன் குற்றம் என்று கதை முடிந்துவிடும்!

மலாக்காவில் டான் சாய் யான் என்பார் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. கங்காணிமார் அழைத்து வந்த தமிழர் அக்காடுகளை அழித்து மரம் நட்டனர். உறுப்பிழந்தோர்க்கு அந்நாளில் கிடைத்த ‘உதவி’ யாது? கப்பல் சீட்டுத்தான். 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழர் குடியேற்ற நிதி ஒன்று அமைந்தது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளரின் வேலைநாட்களைக் கணக்கிட்டு அதற்குப் பணம் கட்டினர். ஆள் கொண்டுவரும் செலவும் அந்நிதியிலிருந்தே. உழைக்க இயலாதவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அந்நிதியிலிருந்தே. வரவும் செலவும் ஒரே பேரேட்டில் முடிந்தன. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தபின், வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டவர் இலவசமாக ஊர் திரும்பலாம் என்று விதியாயிற்று. கருணை இல்லாத ஏற்பாடு என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. நாதியற்றுக் கிடப்பதைவிட நாகப்பட்டினத்தில் இறங்குவது மேல் என்று எண்ணியோர் பலர். எனினும் அடிபட்ட இடத்திலேயே அவனுக்கு உரிமை உண்டு என்று அச்சீட்டு சொல்லவில்லை. அவன் இங்கே வேண்டாதவன் என்பதே அதன் பொருள்.

நட்டஈட்டுச் சட்டம் இந்தியாவில் 1923இல் இயற்றப்பட்டது. கூட்டு மலாய் நாடுகளில் 1929இலும், மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் அத்தகைய சட்டங்கள் வந்தன. இந்தியச் சட்டத்தின் முதல் அட்டவணை படிக்கத்தக்கது. வலக்கை முழங்கைக்கு மேல் போனால் நூற்றுக்கு 70 பங்கு உழைப்புத்திறன் இழப்பு. இடக்கை என்றால் 60. கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, மற்ற விரலுக்கு 5. ஒரு கண்ணுக்கு 30. மனித உடம்பைக் கசாப்புக்காரன்போல் கூறுபோட்டிருக்கிறார்களே என்று படிப்பவர்க்குத் தோன்றும். ஆனால் இந்தக் கூறுபாட்டினால் ஒரு நன்மையும் உண்டு: துரையின் மனம் இளகினால் பத்து வெள்ளி, இளகாவிட்டால் இல்லை என்ற நிலை ஒழிந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. எழுத்தர் ஒருவருக்குச் சுட்டுவிரல் போவதும், பால்வெட்டும் கத்தியை அவ்விரலால் நிதானித்துப் பட்டையைக் கீறுபவனுக்கு அது போவதும் ஒன்றாகுமா? பட்டையின் ஆழம் ஒரு நூல் தவறினால் மரம் காயப்படும். காயப்பட்ட மரத்துக்குக் கங்காணி அவனைத்தான் வைவான். அட்டவணையோ இருவர்க்கும் 10 என்றது. விகித எண்கள் பிற்காலத்தில் மாறின, முறை மாறவில்லை.

இனி, தாளுக்கு வருவோம். விபத்து நடந்த அன்று அவன் வேலைக்கு வந்திருந்தான் என்பதற்குச் சான்று விடியற்காலைப் பிரட்டில் பெயர் குறிக்கும் செக்ரோல். அவன் சராசரிச் சம்பளத்துக்குச் சான்றும் அதுவே. அதை எழுதுபவர் கிராணி. தோட்டத்து டிரசர் காயத்துக்கு மருந்திட்டு எழுதும் குறிப்பு அடுத்த சான்று. தொழிலாளியின் கைந்நாட்டு மட்டுமே அவனுடையது. மற்ற எழுத்தெல்லாம் பிறர் எழுத்து. முனியம்மாள் என்னும் பெயர் ஒரு லயத்தில் நால்வர்க்கு இருக்கும். ஒரே முனியம்மாளின் பெயர் செக்ரோலில் ஒருவிதமாகவும் மருத்துவமனைச் சீட்டில் ஒருவிதமாகவும் அடையாளக் கார்டில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அவளுக்கு அவள் ஒருத்திதான்; அலுவலகத்துக்கு மூவர்.

இறப்பு நேர்ந்தால் சிக்கல் இரட்டிக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்க்குத் திருமணப் பத்திரம் ஏது? முஸ்லிமல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம் என்னும் விதி 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, 1982 மார்ச்சு முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. வழக்கப்படி நடந்த பழைய திருமணங்களைச் சட்டம் செல்லுபடியானவை என்றே ஏற்றது. ஆயினும் ஏற்பது வேறு, மெய்ப்பிப்பது வேறு. கணவனைப் பறிகொடுத்தவள், தான் அவன் மனைவிதான் என்று சாட்சி தேடி அலைவதைவிடக் கொடியது வேறு என்ன இருக்கிறது?

போர்க்காலம் இக்கதையில் ஒரு பெரும்பள்ளம். 1942க்கும் 1945க்கும் இடையே சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் புண்பட்டுக் கால் இழந்தவர்க்கு எந்தத் துரையும் பொறுப்பில்லை. எந்தச் செக்ரோலிலும் அவ்வேலைநாட்கள் இல்லை. 1946இல் சமூகநல இலாகா அமைந்தது. நட்டஈடு முதலாளி தரவேண்டிய கடன். சமூகநல உதவி அரசாங்கம் வறியோர்க்கு அளிக்கும் துணை. இவ்விரண்டின் வேறுபாடு அறியாமல் ஒன்றுக்கு உரியவர் மற்றொன்றின் வாசலில் காத்துக்கிடந்ததுண்டு. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தபின் குழப்பம் மூன்றாயிற்று. சேமநிதி தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. உடல் முடங்கினால் அதை முன்கூட்டியே எடுக்கலாம். அதை எடுத்துக்கொண்டு, ‘நட்டஈடு வாங்கிவிட்டேன்’ என்று திரும்பியவன் உண்மையில் தன் பணத்தைத் தானே வாங்கி வந்தவன்!

1952ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் பொதுவாயிற்று. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உறுப்பினர்க்காக இவ்வழக்குகளைத் தொழிலாளர் இலாகாவுக்கு எடுத்துச் சென்றது. ஆனால் அச்சட்டம் தந்தது மொத்தத் தொகை. ஒரே நாளில் வரும் பணம் மளிகைக் கடைப் பற்றுக்கும் வட்டிக்கும் போய், ஆண்டு முடியுமுன் கரைந்தது. அக்காலத்திலேயே பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. உங்கு அசிஸ் இத்துண்டாடலை ஆராய்ந்து 1962இல் நூல் வெளியிட்டார். தோட்டம் கைமாறினால் செக்ரோல் எங்கே போகும்? பழைய முதலாளி கொண்டுபோவதில்லை, புதியவர் வைத்துக்கொள்வதில்லை.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1971இல் சொக்சோ என நாம் வழங்கும் நிறுவனம் செயற்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா கட்ட, நட்டஈடு காப்புறுதியாயிற்று. நிலையான ஊனம் நூற்றுக்கு 20க்கு மேற்பட்டால் பெரும்பகுதி மாதப் பணமாக வரும். மளிகைக் கடை ஒரே நாளில் விழுங்க முடியாத பணம் இது. இதுவே சட்டத்தின் சிறந்த கூறு எனத் துணிந்து சொல்லலாம். வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும். வேலையில் அடிபடாமல் நோயால் முடங்கியவர்க்கும் தகுதியான சந்தா இருந்தால் மாதப் பணம் உண்டு. வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கும் சம்பாதிக்க இயலாதவராக இருத்தல் வேண்டும். இந்தியாவில் 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி 1955இல் கோயம்புத்தூருக்கு வந்த ஈ.எஸ்.ஐ. திட்டம் இதற்கு மூத்தது. ஆயின் அது ஆலைத் தொழிலாளர்க்கு. வால்பாறைத் தேயிலைத் தொழிலாளர்க்கு நெடுங்காலம் 1923ஆம் ஆண்டுச் சட்டமே துணை. மலாக்காப் பால்மரத் தொழிலாளி இவ்வகையில் முந்திக்கொண்டான்.

ஆனால் தொடக்கத்தில் ஐந்து தொழிலாளருக்குக் குறைந்தவர் வேலை செய்யும் இடத்தில் சட்டம் செல்லாது. துண்டாடப்பட்ட தோட்டங்களில் மூன்று நான்கு பேரைக் கொண்டு பால் வெட்டியவர்கள் பலர். அவர்களிடம் வேலை பார்த்தவர் 1992வரை காத்திருக்க நேர்ந்தது. குத்தகை முறை பரவியபோது, சந்தாவைக் கட்டவேண்டியவர் குத்தகைக்காரரா, தோட்டமா என்ற வாதம் எழுந்தது. தோட்ட நிர்வாகமே முதன்மை முதலாளி என்று சட்டம் சொல்கிறது. விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியதும் முதலாளியின் கடமை. நடைமுறையில் அந்த இரண்டு நாட்கள் ‘சின்னக் காயந்தான், ஆறிவிடும்’ என்ற பேச்சில் கழிந்துவிடுவதைத் தோட்டம் அறிந்தவர் அறிவர். களைக்கொல்லி தெளித்த பெண்களின் நோய்க்கோ, எந்த நாளை விபத்து நாள் என்பது? பாராகுவாட்டு மருந்து 2002இல் தடைசெய்யப்பட்டு, 2006இல் தடை நீங்கி, 2020இல் மீண்டும் தடையாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் முதுகில் தொட்டி சுமந்தவர்கள் அந்தத் தேதிகளைக் கேட்டு மருந்தை மூச்சிழுக்கவில்லை.

சொக்சோ சந்தாவைக் கேட்கிறது. சமூகநல இலாகாவின் ஊனமுற்றோர் உதவித்தொகையோ குடியுரிமையைக் கேட்கிறது. இங்கேதான் மலாக்காவுக்கு ஒரு தனிச்சிறப்பு வருகிறது. 1948ஆம் ஆண்டுக் கூட்டரசு உடன்படிக்கைப்படி, மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து நிலையாகக் குடியிருந்த பிரிட்டிஷ் பிரஜை தானாகவே கூட்டரசுக் குடிமகன். மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழர்க்கு அவ்வளவு எளிதன்று. அங்கே பெற்றோரின் பிறப்பும் வசிப்பும் ஆராயப்பட்டன. மலாக்காவின் பூலாவ் செபாங்கும் நெகிரி செம்பிலானின் தம்பினும் ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். எல்லைக்கு இப்பால் லயத்தில் பிறந்த பிள்ளை குடிமகன்; பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று அப்பால் பெற்ற பிள்ளைக்குக் கேள்வி மேல் கேள்வி. இப்பாற் பிறந்தும், பிறப்பை யாரும் பதியாததால் பயன் இழந்தவரும் உண்டு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையில்லாதார்க்கு வேலைப் பெர்மிட் கேட்டபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியவருள் சிவப்பு அடையாளக் கார்டுடன் முதுமை எய்தியோர், சந்தா கட்டியிருந்தால் சொக்சோ பணம் பெறலாம். சமூகநல இலாகாவின் உதவித்தொகைக்கு அக்கார்டு போதாது. 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் வந்த பின்பும் உதவித்தொகைக்குரிய இந்த வரம்பு நீங்கவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று மலாக்கா நகரிலும் ஆயர் குரோவிலும் தொழிற்சாலை வேலைக்கும் வண்டி ஓட்டவும் போகின்றனர். சொந்தத் தொழில் செய்வோர்க்கென 2017இல் தனிச் சட்டமும் உண்டு. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை நிற்கிறது. குலை வெட்டுபவர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்கள் 2018ஆம் ஆண்டு முடியும்வரை பழைய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழே இருந்தனர்; 2019 ஜனவரி முதல் நாள் சொக்சோவுக்கு மாற்றப்பட்டனர். அவர்கள் பெயரையும் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மருத்துவமனைச் சீட்டில் ஒருவிதமாகவும் எழுதுகிறார்கள்.