எந்தச் சோதனை முதலில்? காரண மாதிரிகளும் சோதனைத் தெரிவும்

அடுத்து எதைச் சோதிப்பது என்பதை ஆய்வகங்களில் பெரும்பாலும் வழக்கமும் ஊகமுமே முடிவு செய்கின்றன. போட்டியிடும் விளக்கங்களுள் எத்தனையைப் பிரித்தறிகிறதோ, அதுவே ஒரு சோதனையின் மதிப்பு என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த மதிப்பைச் சோதனைக்கு முன்பே கணக்கிட, எது எதை இயக்குகிறது என்பதைக் காட்டும் காரண மாதிரி உதவுகிறது. ஆனால் மாதிரியின் எடுகோள்கள் பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: க, ச, ட என்ற மூன்று மரபணுக்களின் செயல்பாடு ஒன்றோடொன்று தொடர்புடையது. ச-வின் அளவு சமமாயுள்ள செல்களை மட்டும் பார்த்தால் க-வுக்கும் ட-வுக்கும் தொடர்பில்லை என்று கொள்வோம். இதற்கு மூன்று விளக்கங்கள் பொருந்தும்: க ச-வையும், ச ட-வையும் இயக்கலாம், ட ச-வையும், ச க-வையும் இயக்கலாம், ச மற்ற இரண்டையும் இயக்கலாம். நோக்கித் திரட்டும் தரவு எவ்வளவு பெருகினாலும் இவை பிரியா. க-வை முடக்கி எதுவும் மாறாவிட்டால், கடைசி இரண்டு விளக்கங்களும் அப்படியே எஞ்சும். ச-வை முடக்கினாலோ மூன்றும் ஒரே சோதனையில் பிரிந்துவிடும்: ட மட்டும் மாறினால் முதலாவது, க மட்டும் மாறினால் இரண்டாவது, இரண்டும் மாறினால் மூன்றாவது.

இந்தச் சிக்கனம் சிறிய எடுத்துக்காட்டோடு நிற்பதில்லை. எபர்ஹார்ட், கிளைமோர், ஷைன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2005இலும் அதையடுத்தும் நிறுவிய முடிவுகளின்படி, மறைகாரணிகளும் சுழல்களும் இல்லாத 16 மாறிகளின் அமைப்பை அறிய, ஒரு சோதனைக்கு ஒரு மாறியை மட்டும் மாற்றினால் 15 சோதனைகள் வரை தேவைப்படலாம்; பல மாறிகளை ஒருசேரச் சமவாய்ப்பு முறையில் மாற்றினால் 5 போதும். ராஸ் கிங் குழு 2004இல் ஈஸ்ட் மரபணுக்களின் பணியைக் கண்டறிய, வளர்சிதை மாற்றப் பாதையின் மாதிரியைக் கொண்டு எந்திரமே சோதனையைத் தெரிந்தெடுக்கும்படி செய்தது. மலிவானதை முதலில் செய்யும் முறையோடு ஒப்பிட அதன் செலவு மூன்றில் ஒரு பங்கு. கண்மூடித் தெரிந்தெடுப்பதோடு ஒப்பிட நூற்றில் ஒரு பங்கு.

இனி மறுதரப்பு. அளக்கப்படாத ஒரு காரணி க-வையும் ச-வையும் இயக்க, ச ட-வை இயக்குகிறது எனலாம். நோக்கல் தரவு முன்போலவே இருக்கும். ச-வை முடக்கினால் ட மட்டுமே மாறும். முதல் விளக்கம் வென்றதாகத் தோன்றும். பிழையை வெளிப்படுத்த வல்லது, பயன் குறைந்ததென நாம் ஒதுக்கிய க-வை முடக்கும் சோதனையே: அதில் ச மாறாது. மனித டி செல்களில் 11 சமிக்ஞை மூலக்கூறுகளின் வலையமைப்பைக் கணித்த கரேன் சாக்ஸ் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வும், ஏற்கெனவே அறியப்பட்ட மூன்று இணைப்புகளைத் தவறவிட்டது. பின்னூட்டச் சுழல்களை ஏற்காத அக்குழுவின் மாதிரிக்கு இத்தகைய இழப்பு வியப்பன்று.

ஆகவே, சோதனையின் மதிப்பு அதற்கே உரிய நிலையான பண்பாகாது. எந்த விளக்கங்களைப் போட்டியில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். மாதிரியால் மிச்சமாகும் செலவில் ஒரு பகுதியை, மாதிரியையே பொய்ப்பிக்கக்கூடிய சோதனைகளுக்கு ஒதுக்குவது முறை. தெரிந்தெடுத்த சோதனையோடு, கணக்கில் சேர்த்த விளக்கங்களையும் விலக்கியவற்றையும் ஆய்வறிக்கை பதிவுசெய்தால்தான் அத்தெரிவைப் பிறர் மதிப்பிட முடியும்.