தீவகத்தில் மின் பற்தூரிகை

வேப்பங்குச்சியும் உமிக்கரியும் தீவகத்தாரின் பற்களைக் காத்த காலம் நெடிது. 1954இல் சுவிற்சர்லாந்தில் பிலிப் கீ வூக் என்பார் ஆக்கிய மின் பற்தூரிகை, வீட்டு மின்னோட்டத்திலேயே நேராக இயங்கியது. ஈரக்கையில் மின்கம்பி! அஞ்சியோரைக் குறைகூறுவதற்கில்லை. 1961இல் அமெரிக்காவில் மின்னேற்றி வைக்கும் கம்பியில்லாத் தூரிகை வந்தது.

தேசிய மின்தொகுதியோடு இணையாது, டீசல் பொறிகளால் நெடுங்காலம் மின்சாரம் பெற்ற நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இவ்வகையே ஏற்றது. மின்சாரம் நின்ற வேளையிலும் அது இயங்கும். வாங்குவோர் மெல்லிய மயிருடையதையே தேர்தல் வேண்டும். அழுத்தாது, இரண்டு நிமிடம் துலக்கினாற் போதும். அழுத்தினால் ஈறு கெடும்.

தூரிகைத் தலையை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றுதல் வேண்டும். வேம்பு முற்றத்திலேயே நின்றது. புதுத் தலையோ குறிகட்டுவானிற் படகேறி வரவேண்டும்.