கடலரிப்பு: வெள்ளவத்தையிலிருந்து ஒலுவில் வரை

மகாவம்சத்தில் களனி திஸ்ஸன் கதை வருகிறது. குற்றமற்ற தேரர் ஒருவரை மன்னன் கொதிக்கும் எண்ணெயில் இடுவிக்கிறான். கடல் பொங்கி நாட்டுக்குள் வருகிறது. அதைத் தணிக்க மன்னனின் மகளைப் பொற்கலத்தில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். அவள்தான் பின்னர் துட்டகைமுனுவுக்குத் தாயான விகாரமகாதேவி. தமிழ் படித்தவர்களுக்கு இங்கே இறையனார் களவியலுரை சொல்லும் கடல்கோள்களும் நினைவுக்கு வரும். பழைய நூல்களில் கடல் கோபம் கொண்டு ஒரே நாளில் வரும். நம் காலத்துக் கடலரிப்புக்கு அப்படி ஒரு நாள் இல்லை. இந்த வருடம் ஒரு தென்னை, அடுத்த வருடம் வேலி, பிறகு கிணறு என்று அது வருகிறது.

“எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்” என்று கரையோரத்து மனிதர்கள் சொல்லும்போது எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் புகையிரதப் பாதைக்கும் துறைமுகத்துக்கும் திட்டம் வரைந்தவர் உண்டு, கடன் கொடுத்தவர் உண்டு, தேதி உண்டு. அந்தத் தேதிகளைத்தான் இங்கே வரிசையாக வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அரிப்பின் அளவு. 1986இல் டென்மார்க்கின் உதவியுடன் கடலரிப்பு முகாமைத்துவத்துக்கான பெருந்திட்டம் ஒன்று தயாரானது. அந்தக் காலத்துக் கணிப்பின்படி, கற்பிட்டியிலிருந்து யால வரையான 685 கிலோமீற்றர் கரையில் ஆண்டுதோறும் 175,000 முதல் 285,000 சதுரமீற்றர் நிலம் கடலுக்குப் போனது. நம்மவர்களுக்கு விளங்கும் கணக்கில் சொன்னால் 43 முதல் 70 ஏக்கர். ஒரு வருடத்துக்கு!

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கடற்கரை என்று சொல்வது, மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து, கருங்கல் குவியலுக்கு அப்பால் கிடக்கும் ஒரு துண்டு மணலைத்தான். கொழும்பிலிருந்து தெற்கே புறப்பட்ட கரையோரப் பாதை 1877இல் பாணந்துறையை அடைந்தது. 1894இல் காலிக்கும் 1895இல் மாத்தறைக்கும் போனது. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை அது அலை வாயிலேயே கிடக்கிறது. கடலும் கரையும் பருவத்துக்குப் பருவம் கொடுத்து வாங்கும் உறவினர். கச்சான் காலத்தில் அலை எடுத்த மணலை, கடல் அமைதியான மாதங்களில் அதுவே திருப்பித் தரும். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே இரும்புப் பாதையைப் போட்டால் பிறகு அதைக் காப்பாற்றியே ஆகவேண்டும். காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை முன்னால் இருந்த மணலையும் இழுத்துக்கொண்டு போகும், மறுபடி கல். வெள்ளவத்தையின் கரை இன்று நிற்கிறது என்றால் இந்தக் கல்லின் தயவில்தான். மணல் போய்விட்டது.

நான் படிப்பிப்பது கொட்டாஞ்சேனையில். அங்கே கதை வேறு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து அடிக்கல் நாட்டி, 1885இல் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் முடிந்தபோது, அதுவரை காலிக்குப் போன கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. நம் வியாபாரிகளும் அதனால் வளர்ந்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையின் கடலைத் துறைமுகம் வாங்கிக்கொண்டது. இன்று அந்தப் பகுதிப் பிள்ளைகள் மணலில் கால் வைக்க வேண்டுமென்றால் முகத்துவாரம் தாண்டிக் காக்கைதீவுக்குப் போக வேண்டும்.

காக்கைதீவுக்குப் பக்கத்தில் களனி கங்கை கடலில் விழுகிறது. மலைநாட்டிலிருந்து ஆறு கொண்டுவரும் மணலை அலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். அதற்கும் வடக்கே மாஓயா தன் பங்கைச் சேர்க்கும். நீர்கொழும்புக் கரையும் மாரவிலக் கரையும் இந்த ஆற்று மணலில் வாழ்ந்தவை. அந்த மணல் எங்கே போனது என்று கேட்டால் கொஞ்சம் நம் வீட்டுச் சுவர்களையும் பார்க்க வேண்டும்.

என் சின்ன வயதில் பெருநாளுக்கு முன் உம்மும்மாவின் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வாளியில் சுண்ணாம்பு கொதிப்பதை நின்று பார்ப்போம். அந்த நாட்களில் தென்பகுதிச் சூளைகளில் சுட்டது முருகைக்கல்தான். 1984இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அம்பலாங்கொடைக்கும் திக்வெல்லைக்கும் இடையே வருடத்துக்குச் சுமார் 18,000 தொன் முருகைக்கல் எடுக்கப்பட்டது. கடலுக்குள் இருந்தும், கரையில் பொறுக்கியும், கரைக்குப் பின்னால் தோண்டியும். முருகைக்கல் பார் கரைக்கு முன்னால் நிற்கும் மதில், அலை அதில் உடைந்து பலம் குறைந்துதான் உள்ளே வரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் வந்து, 1988இல் அதைத் திருத்திய பிறகே கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது முழுதாகத் தடையானது. 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் அதே கரையோரப் பாதையில் நின்ற புகையிரதத்தைச் சுனாமி கவிழ்த்தது. அங்கே தண்ணீர் ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உள்ளே போனது. சில கிலோமீற்றர் தெற்கே, பார் பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில், சுமார் 50 மீற்றரோடு நின்றது. முருகைக்கல் அகழ்ந்ததும் இதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சுண்ணாம்பை விட்டுச் சீமெந்துக்கு வந்தோம். நல்லதுதான். ஆனால் சீமெந்துக்கு ஆற்று மணல் வேண்டும். 1977க்குப் பிறகு கட்டடங்கள் பெருகின. 83க்குப் பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சனம் நெருங்க நெருங்க மாடிமேல் மாடி ஏறியது. களனியிலும் மாஓயாவிலும் மணல் அள்ள அள்ள ஆற்றின் படுக்கை தாழ்ந்தது. கரைக்குப் போகவேண்டிய மணல் குறைந்தது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் அம்பத்தலை வரை ஏறி வர, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் உப்பைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. கரை தேய்வதும் குழாய்த் தண்ணீர் உவர்ப்பதும் ஒரே களவின் இரண்டு பங்குகள்.

2020இல் கல்கிசையிலும் களுத்துறையிலும் கடலடியிலிருந்து மணல் எடுத்துக் கரையில் கொட்டினார்கள். அதே கச்சானில் பெரும்பகுதி போய்விட்டது. மணல் தொலையவில்லை, அலைக்கு அடியில்தான் கிடக்கிறது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் விஞ்ஞானம் இருக்கிறது. ஆனால் கரையில் நின்று பார்த்தவனை அது சமாதானப்படுத்தாது.

இத்தனையும் தெரிந்த ஒரு நாட்டில்தான் ஒலுவில் நடந்தது. துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் (1948–2000) தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஒலுவிலுக்குக் கண்ட கனவு அந்தத் துறைமுகம். அவர் காலத்தில் வெளிச்சவீடு எழுந்தது. கட்டுமானம் 2008இல், டென்மார்க்கின் கடனில், டென்மார்க் நிறுவனத்தின் கையால் தொடங்கியது. 1986இல் நமக்குக் கடலரிப்புப் பாடம் எழுத உதவிய அதே நாடு! 2013 செப்டெம்பரில் திறந்தார்கள்.

கிழக்குக் கரையிலும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கடலுக்குள் நீட்டிய துறைமுகக் கைகள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து நிலம் வளர்ந்தது, துறைமுக வாயிலும் தூர்ந்தது. வடக்கே மணல் வரவு நின்றது, அலை மட்டும் வந்தது. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. இதை அறியப் பெரிய படிப்புத் தேவையில்லை. வாய்க்காலில் வரம்பு போட்டால் கீழ்வயல் காயும் என்பது அந்த மண்ணின் விவசாயிக்குத் தெரியும். என்னிடம் படித்த அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று சொன்னது: “சேர், உறுதி வாப்பாட பெட்டியில இரிக்கு. காணிதான் இல்ல.”

கடலைவிட எனக்கு வலித்தது ஊர் இரண்டானதுதான். வாயில் மண்ணை அகற்றினால் படகு விடலாம் என்று மீனவர்கள் கேட்டார்கள். முதலில் அரிப்புக்கு வழி சொல்லுங்கள் என்று நிலம் இழந்தவர்கள் மறித்தார்கள். இரு பக்கமும் நியாயம், இரு பக்கமும் ஏழைகள். வரைபடம் போட்டவர்கள் யாரும் அந்தச் சண்டையில் இல்லை. கரைக்குக் கல் போட்டார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு நிந்தவூர்ப் பக்கம் நகர்ந்தது.

நிந்தவூரையும் காரைதீவையும் தாண்டினால் மாளிகைக்காடு. அங்கே மையவாடியின் மதிலைக் கடல் தள்ளியது, கப்றுகளும் திறந்தன. இதற்கும் துறைமுகத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பதைப் பொறியியலாளர்கள் அளந்து சொல்லட்டும். அவர்கள் அளப்பதற்குப் பழைய கரை எங்கே இருந்தது என்ற சாட்சி வேண்டும். பள்ளிவாசல் பதிவேடுகள், காணி உறுதிகள், நில அளவைப் படங்கள், கல்யாண அல்பத்தில் பின்னால் தெரியும் தென்னைகள் எல்லாம் சாட்சிதான். எந்த வருடம் கிணறு போனது, எந்த மாரியில் வாடி போனது என்று சொல்லக்கூடிய மூத்தம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். ஒலுவில், பாலமுனை, நிந்தவூர், மாளிகைக்காடு வாசகர்கள் அதைக் கேட்டு, ஊர், வருடம், எல்லை போட்டு இந்த இதழுக்கு எழுத வேண்டும். இந்த மாரிக்கு முன் தொடங்கினால் நல்லது.