வயிற்றுப் பருமன்: தடுப்பும் தொடக்கநிலைக் கண்டறிதலும்

குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு மிதமிஞ்சிச் சேரும் நிலை வயிற்றுப் பருமன். பேச்சு வழக்கில் தொப்பை. இந்தியர்களிடம் உடற்பருமன் பெரும்பாலும் இங்கேதான் தலைகாட்டுகிறது. கையும் காலும் ஒல்லியாகவே இருப்பதால் ஆளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.). உலக அளவில் 25 மிகை எடை, 30 பருமன். இந்தியர்களுக்கு இவை 23, 25 என 2009இல் இந்திய மருத்துவர்களால் குறைக்கப்பட்டன. அது ஏன் என்பதை 2004இல் லான்செட் இதழில் வெளியான ஒரு படம் காட்டும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவருக்கும் குறியெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2!

ஆகவே எடைக்கருவியைவிடத் தையல்காரரின் இஞ்ச் டேப்பே நமக்கு நம்பகமானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. டேப் இல்லையென்றால், உயரத்தின் அளவுக்கு ஒரு கயிறு எடுத்து இரண்டாக மடித்துச் சுற்றிப் பார்க்கலாம். எட்டவில்லை என்றால் கவனம் தேவை. அரைஞாண் கயிற்றைத் தளர்த்திக் கட்ட நேர்வதும் இதே செய்திதான்.

பிள்ளைகளின் பின்கழுத்தில் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருக்கும் தோலை அழுக்கென்று பீர்க்கை நாரால் தேய்ப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. தேய்த்தால் போகாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வயதுக்குப் பின் ஐந்து, ஆறு வயது வரை மெலிந்துகொண்டே வந்து பிறகு சதைபிடிப்பது குழந்தைகளுக்கு இயல்பு. அதற்கு முன்பே சதைபிடித்தால் பின்னாளில் பருமன் வரும் வாய்ப்பு அதிகம். அதை மட்டும் ‘கொழுகொழு’ என்று கொண்டாட வேண்டாம்.

தடுப்பு என்றதும் எல்லோரும் எண்ணெயையே பழிக்கிறார்கள். தட்டில் குவியும் சோறும் டம்ளரில் கரையும் சர்க்கரையும் தப்பித்துவிடுகின்றன. ஒரு டீக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நான்கு டீ என்றால் ஏறக்குறைய 40 கிராம் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனம் விரும்பும் அளவு ஏறத்தாழ 25 கிராம்தான். சோற்றைக் குறைத்துப் பருப்பு, சுண்டல், காய்களைக் கூட்டுவதும், வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பதும், போதிய உறக்கமும் பெரியவர்களுக்கு. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பள்ளி வயதில் நாளொன்றுக்கு ஒரு மணி நேர ஓட்டமும் விளையாட்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் பெண்களில் 40.4, ஆண்களில் 37 விழுக்காட்டினர் குறியெண் 25ஐ எட்டியவர்கள். முந்தைய ஆய்வில் அது 30.9, 28.2. எடை, உயரத்தோடு இடுப்பையும் அந்த ஆய்வு அளந்தது 2019–21இல்தான் முதல் முறை.