வாஃபிளும் அச்சு முறுக்கும்: ஒரு குடும்ப வரலாறு

மைசூர் என்றதும் மைசூர்பா, மல்லிகை, மசால் தோசை, தசரா யானை என்று எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஏழு வருஷமாக இங்கே ஒரு வங்கியில் குப்பை கொட்டும் எனக்கு மிச்சம் இருப்பது வாஃபிள்தான். சிரிக்காதீங்க மக்கா, மேட்டர் இருக்கு. பி.காம். படித்தவன் வரலாறு எழுதினால் வரவும் பற்றும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். :-)

வாஃபிள் சுடுவதற்கு வேண்டியது இரண்டு இரும்புத் தட்டுகள். கட்டம் கட்டமாக வார்த்து, கீல் போட்டு இணைத்திருப்பார்கள். தட்டுகளை நன்றாகச் சூடாக்கி, நடுவில் மாவை ஊற்றி மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெந்து, குழி குழியாக, மொறுமொறுப்பாக வரும். 'வாஃபெல்' என்பது டச்சுச் சொல். தேன்கூட்டைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லோடு உறவு உள்ளது. பெட்டிக்கடையில் வாங்கித் தின்ற வேஃபர் பிஸ்கட்டின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

இந்தத் தட்டுகளின் பூர்வீகம் ஐரோப்பாவின் மாதா கோயில்கள். நற்கருணை அப்பத்தை இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்துச் சுடுவார்கள். தட்டில் செதுக்கிய சிலுவையும் படங்களும் அப்பத்தில் பதியும். கோயிலில் இருந்த வழக்கம் மெல்லத் தெருவுக்கும் வந்தது. மாவில் முட்டை, வெண்ணெய், தேன் சேர்ந்தன. வாஃபிள் ஆயிற்று. அந்தக் காலத்தில் சோடா உப்பும் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. பேக்கிங் பவுடர் வந்ததே 1843-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் மாவு உப்பி வர வேண்டுமானால் புளிக்க வைப்பதுதான் முக்கியமான வழி. புளித்த மாவு! இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

இனி டச்சுக்காரர்கள் கதை. பதினேழாம் நூற்றாண்டில் அவர்களுடைய கப்பல்கள் இரண்டு திசையிலும் போயின. மேற்கே போனவர்கள் அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். இன்றைய நியூயார்க் அன்றைக்கு நியூ ஆம்ஸ்டர்டாம். 1664-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஆனால் அடுப்படியைப் பிடுங்க முடியவில்லை. டச்சுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாஃபிள் சுட்டுக்கொண்டே இருந்தன. இருநூறு வருஷம் கழித்து, 1869 ஆகஸ்ட் 24-ம் தேதி, அதே ஹட்சன் கரையிலுள்ள டிராய் நகரத்தைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்வௌட் என்பவர் அடுப்பின் மேல் வைத்தே புரட்டிப்போடும் வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கினார். பெயரைப் பார்த்தாலே தெரியும், டச்சு வம்சாவளி.

கிழக்கே வந்த கணக்கு நமக்கு நெருக்கமானது. தூத்துக்குடி, யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றும் 1658 என்ற ஒரே வருஷத்தில் போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. இலங்கையின் கரையோரத்தை 1796 வரை அவர்கள்தான் ஆண்டார்கள். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் 'கொக்கிஸ்' பலகாரத்தைச் சாப்பிட்டிருப்பீர்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், பூ வடிவ அச்சு, கொதிக்கும் எண்ணெய். சிறு கேக்குக்கு டச்சில் 'கூக்யெ' என்று பெயர். கொக்கிஸ் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

அதே சாமானை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அச்சு முறுக்கு என்போம். கேரளத்தில் அச்சப்பம், ஆந்திராவில் குலாபி புவ்வுலு, ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கீஸ். நம்மூர்ப் பலகாரம் என்று மார் தட்டுவதற்கு முன்னால் உலகப் படத்தை ஒரு முறை விரித்துப் பாருங்கள். சுவீடனில் இதற்கு 'ஸ்த்ரூவா' என்று பெயர். ஈரானில் 'ஜன்னல் ரொட்டி' என்ற பொருளில் 'நான் பஞ்சரே'. இந்தோனேசியாவில் 'கெம்பாங் கோயாங்', அதாவது ஆடும் பூ. அச்சை எண்ணெய்க்குள் ஆட்டி ஆட்டித்தானே பூவை உதிர்க்கிறோம்! மலேசியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு வரும் 'குவே காப்பிட்'. இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே சுட்டு, சூட்டோடு மடித்த மெல்லிய அப்பளம் மாதிரி. அது வாஃபிளுக்கு நேர்த் தம்பி.

ஆக, வாஃபிளுக்குச் சூடான இரும்பு இரண்டு பக்கமும் மூடும். அச்சு முறுக்குக்குச் சூடான இரும்பு மாவில் முங்கி எண்ணெயில் இறங்கும். இரண்டிலும் விதி ஒன்றுதான்: இரும்பு போதிய சூடு ஏறியிருந்தால் மாவு பட்ட கணத்தில் மேல்தோல் இறுகும், பிறகு தானாக விடும். சூடு குறைந்தால் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய், அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்துத் தளபதியாக உயர்ந்தார். 1777-ல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கைதியாக நின்றவர் உள்ளூர்க்காரராகவே மண்ணுக்குள் போனார். பலகாரங்களும் இப்படித்தான் உள்ளூர் ஆகின்றன என்று எனக்குத் தோன்றும்.

சரி, இதில் மைசூர் எங்கே வந்தது? கரண்ட் வழியாக வந்தது. வாஃபிள் மெஷினை நாம் பிளக்கில்தானே சொருகுகிறோம்! இங்கே காவிரி விழும் சிவனசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர் திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மின் எந்திரங்களைக் கொடுத்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக். அந்தக் கம்பெனியின் அன்றைய தலைமையிடம் ஸ்கெனெக்டடி என்ற ஊர், 1661-ல் டச்சுக்காரர்கள் உண்டாக்கியது. மேலே சொன்ன டிராய்க்குப் பக்கம்தான். அதே ஜெனரல் எலக்ட்ரிக்தான் 1910-களில் மின்சார வாஃபிள் இரும்பையும் செய்து பார்த்தது. ஹட்சன் கரையும் காவிரிக் கரையும் ஒரே பேரேட்டில்!

1902-ல் சிவனசமுத்திரத்து மின்சாரம் முதலில் போனது மைசூர் அரண்மனைக்கு அல்ல. சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்குப் போனது. பெங்களூருக்கு 1905, மைசூர் நகரத்துக்கு 1908. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித் மக்கள். அவர்கள் வெட்டிய தங்கத்துக்காக வந்த மின்சாரம்தான் பிறகு ஊருக்கெல்லாம் விளக்கானது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. வெளியூர்த் தமிழனுக்கு இந்த மாநிலத்தில் என்ன பங்கு என்று யாராவது கேட்டால், நான் இந்த வரவுப் பக்கத்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இப்போது சொந்தக் கதை. எங்கள் வீட்டில் ஞாயிறு காலை டிபன் வாஃபிள். கடையில் நாலு பேருக்கு வாங்கினால் ஒரு வார மளிகைக் காசு போகிறது என்று தங்கமணி மெஷின் வாங்கிவிட்டாள். போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு சாமானை எடுத்து வைத்தாள். அச்சு முறுக்கு அச்சு. என் ஆச்சி காலத்து இரும்பு, கறுத்து மினுமினுவென்று இருக்கும்.

"எனக்குக் கை நடுங்குது மக்ளே. எண்ணெய்ச் சட்டி முன்னால இனி நிக்க முடியாது. இத நீங்க வச்சுக்கிடுங்க" என்றாள்.

ஐந்தாவது படிக்கும் சின்னவன் அதைப் புரட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்கு பாட்டி. ஷோகேஸ்ல வைக்கலாம்" என்றான்.

பையன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னான். ஆனால் அம்மா முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஷோகேஸில் வைப்பது என்றால் வேலை முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? வங்கியில் செயல்படாத கணக்கு என்று ஒன்று உண்டு. பணம் இருக்கும், பெயர் இருக்கும், ஆனால் போடவும் எடுக்கவும் ஆள் இருக்காது. அந்த அச்சு அப்படி ஆகப் பார்த்தது.

"பாட்டி, இது வாஃபிளுக்குச் சொந்தமா?" என்று கேட்டது பத்தாவது படிக்கும் மூத்தவள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இவ்வளவு கதையும். வாஃபிள் பெல்ஜியத்துச் சாமான் என்று நினைத்திருந்தாள். பெல்ஜியத்திலேயே அதை பிரஸ்ஸல்ஸ் வாஃபிள், லியேஜ் வாஃபிள் என்று ஊர் பிரித்துத்தான் சொல்வார்கள். 'பெல்ஜியன் வாஃபிள்' என்ற பெயர் அமெரிக்காவில் பரவியது 1962 சியாட்டில், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிகளுக்குப் பிறகுதான். நியூயார்க்கில் கடை போட்டவர் மோரிஸ் வெர்மெர்ஷ். அங்கே பலருக்கு பிரஸ்ஸல்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பதால், நாட்டின் பெயரைச் சேர்த்து 'பெல்-ஜெம்' என்று விற்றார். ஊரை விட்டு வந்தவன் ஊர்ப் பெயரை மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது நமக்குப் புதுசா என்ன? வள்ளியூர்க்காரனும் வெளியே வந்தால் 'திருநெல்வேலி' என்றுதானே சொல்கிறான்!

அந்த வாரக் கடைசியில் எங்கள் அடுப்படியில் நடந்த இரண்டு செய்முறைகள் இதோ.

வாஃபிள்: புளித்த தோசை மாவு கெட்டியாக 2 கப், ராகி மாவு 2 மேசைக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 3 மேசைக்கரண்டி. மெஷின் நன்றாகச் சூடான பிறகு ஊற்றி மூடுங்கள். ஆவி வருவது நிற்கும்வரை திறக்காதீர்கள். முன்னால் சொன்ன புளித்த மாவு இதுதான். பேக்கிங் பவுடர் போட்ட வாஃபிளைவிட இதுதான் பழைய முறைக்குப் பக்கம்.

அச்சு முறுக்கு: பச்சரிசி மாவு 2 கப், கெட்டித் தேங்காய்ப் பால், அரை கப் சர்க்கரை, எள், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை அவரவர் விருப்பம். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரையுங்கள். அச்சை எண்ணெயிலேயே போட்டுச் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். மேல் விளிம்பை மாவு மூடினால் பூ கழராது. புது அச்சு என்றால் மூன்று நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவித் துடைத்து, பிறகு எண்ணெயில் ஊற வைக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மூத்தவள் ஆட்டி ஆட்டி எடுத்தாள். நாலாவது பூவிலிருந்து ஒழுங்காக விழுந்தது. எண்ணி முடித்தபோது முப்பத்தெட்டு. அச்சு இப்போது எங்கள் வீட்டு எண்ணெய்ச் சட்டிக்குள்ளேயே இருக்கிறது.

துபாயிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் வாஃபிள் கேட்டால், 'அது நம்ம சாப்பாடு இல்லை' என்று சண்டை போடாதீர்கள். சுட்டுக் கொடுங்கள். அச்சு முறுக்கும் ஒரு காலத்தில் யாரோ கப்பலிலிருந்து இறக்கியதுதான், நம் ஆச்சிமார் விடாமல் சுட்டதால் நம்முடையது ஆனது. ஆனால் இடியாப்ப உரல், குழிப்பணியாரச் சட்டி, அதிரசக் கட்டை என்று ஊரிலிருந்து பெட்டியில் வந்தது எதுவோ, அதை எடுத்து நடத்தத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒருவர்தான் என்றால், இந்த ஞாயிறே அடுத்த ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.