வியன்னாவின் முதலாம் விடுதி

'பிரசவத்தின்போது தாய் மரணம்' என்ற தலைப்பை நானே எத்தனை முறை எழுதியிருப்பேன்! வைத்தியசாலை அறிக்கை வரும், விசாரணை என்பார்கள், அடுத்த நாள் வேறு செய்தி. அப்போதெல்லாம் எனக்கு வியன்னா பொது வைத்தியசாலை நினைவுக்கு வரும்.

அங்கு இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவர்களும் மற்றையதில் மருத்துவிச்சிகளும் பயின்றனர். 1846இல் முதலாம் விடுதியில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். நூற்றுக்குப் பதினொருவர். இரண்டாம் விடுதியில் மூவருக்கும் குறைவு. பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலே காரணம். நாள் முறை வைத்து அனுமதித்தார்கள். முதலாம் விடுதியின் முறையன்று வந்த பெண்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். அந்த ஏழைகளுக்குத் தெரிந்திருந்தது பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை.

காற்றின் கேடு என்றனர், நெருக்கடி என்றனர். நெருக்கடியோ இரண்டாம் விடுதியில்தான் அதிகம். மரணத் தறுவாயில் இருப்போரிடம் பாதிரியார் செல்லும்போது ஒலிக்கும் மணி பெண்களை அச்சுறுத்துகிறது என்றும் ஒரு கருத்து. உதவி மருத்துவர் இக்னாஸ் செமல்வைஸ் அந்த மணியையும் நிறுத்திப் பார்த்தார். பயனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெச்கா, பிரேத பரிசோதனையில் மாணவனின் கத்தி கீறியதால் இறந்தார். அவரது உடலில் கண்டவை, இறந்த தாய்மாரின் உடல்களில் கண்டவையே. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்தனர். மருத்துவிச்சிகள் பிணவறைக்குச் செல்வதில்லை. மே மாதத்தில் வெளிற்றும் தூள் கரைசலில் கைகழுவுவது கட்டாயமாயிற்று. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம் ஜூனில் இரண்டளவுக்கு இறங்கியது. 1848 முழுவதிலும் 3,556 பிரசவங்களில் 45 மரணங்களே. (டொக்டர் கிறீன் யாழ்ப்பாணம் வந்ததும் அதே 1847இல்தான். மானிப்பாயில் அவர் தமிழில் மருத்துவம் கற்பித்தது தனிக் கதை.)

தம் கைகளே கொன்றன என்பதை ஏற்க மூத்தவர்கள் மறுத்தனர். 1849இல் செமல்வைஸின் பதவி நீடிக்கப்படவில்லை. அவரிலும் பிழை உண்டு: நூலை 1861 வரை எழுதாதிருந்தார், பின்னர் எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று வைதார். 1865இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, இரு வாரங்களில், புண்ணில் ஏறிய நஞ்சினால், 47 வயதில் இறந்தார்.

ஆயினும், எல்லோரும் மறுத்தனர் என்பது முழு உண்மையன்று. கீல் நகரப் பேராசிரியர் மிக்காயேலிஸ் உடனே நம்பினார். அவர் பிரசவம் பார்த்த அவருடைய உறவுப்பெண் ஒருத்தி அதே காய்ச்சலில் இறந்திருந்தாள். 1848 ஆகஸ்டில் அவர் ஓடும் ரயிலின் முன் பாய்ந்தார்.